ஏக்கருக்கு எத்தனை செடி?

புரட்டாசி மழை மண்ணில் இறங்கியதும் கொங்கு நாட்டில் மக்காச்சோள விதைப்பு மும்முரமாகிவிடும். உடுமலை, குடிமங்கலம், பொங்கலூர், தாராபுரம் என எந்தப் பக்கம் போனாலும் அடுத்தடுத்த காடுகளில் இரண்டு விதமான விதைப்பைப் பார்க்கலாம். ஒருவர் வரிசைக்கு வரிசை இரண்டடி விட்டு, செடிக்குச் செடி பத்து அங்குலம் தள்ளி, ஒவ்வொரு விதையாக ஊன்றியிருப்பார். வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர், போகிறது போக மிச்சம் வரட்டும் என்று நெருக்கி விட்டிருப்பார். இருவருக்கும் ஒரே மழை, ஒரே மண், பெரும்பாலும் ஒரே வீரிய ஒட்டு ரகம். கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்ற பழமொழியை வைத்துப் பார்த்தால் முதலாமவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும். அந்தப் பழமொழி சொல்லும் உண்மை பெரியது. ஆனால் எவ்வளவு கலக்கம் என்பதை அது சொல்லவில்லை. மக்காச்சோளத்தில் அந்த அளவைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் நட்டம் உண்டு. செடி பூக்கும் இரண்டு வாரத்தில் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கப்போகிறது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் செடி எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம். விதைப் பையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கும் கணக்கு, செடிக்குத் தேவையானதைக் கடைசியில்தான் கேட்கிறது.

இந்தக் கேள்வி கொங்குக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்லடம், உடுமலை வட்டாரத்தின் கறிக்கோழிப் பண்ணைகளும் நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் தின்னும் தீவனத்தில் பாதியும் அதற்கு மேலும் மக்காச்சோளம்தான். உள்ளூர் விளைச்சல் போதாமல் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் லாரிகளில் வருகிறது. சில ஆண்டுகளாக எத்தனால் ஆலைகளும் இதே தானியத்துக்குப் போட்டியிடுகின்றன. வாங்க ஆளிருக்கும் பயிர் இது. ஆனால் விதை, உரம், களையெடுப்பு, மருந்துத் தெளிப்பு எல்லாவற்றுக்கும் முன்பணம் கேட்கும் பயிரும் இதுதான். ஒரு செடிக்குக் கூடுதலாக ஒரு சாண் இடம் கொடுப்பதா வேண்டாமா என்பது, செலவே இல்லாமல் விவசாயி எடுக்கக்கூடிய மிகச் சில முடிவுகளில் ஒன்று.

நெல்லுக்கு நண்டு, கரும்புக்கு நரி, வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் என்று பயிர் இடைவெளிக்கு நம் முன்னோர் அளவுகோல் வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் மக்காச்சோளம் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த பயிர் அது. மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதர் அதை உருவாக்கினார்கள். தியோசிந்தே புதர் போலப் பல கிளை விடும். அந்தக் கிளைப்பை அடக்கும் மரபணு ஒன்றின் செயல்பாடு மக்காச்சோளத்தில் கூடிவிட்டதால் அது ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்கிறது. இந்த ஒரு மாற்றம்தான் செடி எண்ணிக்கைக் கணக்கையே தீர்மானிக்கிறது. நெல்லில் திருந்திய நெல் சாகுபடி முறையில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்று நட்டு நல்ல விளைச்சல் எடுப்பவர்கள், மக்காச்சோளத்தையும் அப்படியே அகலமாக நடலாமே என்று கேட்பதுண்டு. நெல் தூர் கட்டும். காலி இடம் கிடைத்தால் ஒரு நாற்று முப்பது தூரும் விடும், இடம் நிரம்பிவிடும். கம்பும் ஓரளவு அப்படித்தான். மக்காச்சோளத்துக்கு அந்தக் கை கிடையாது. இடம் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு தண்டு, ஒரு நல்ல கருது, மிஞ்சினால் அரைகுறையாக இன்னொன்று. ஒரு கருதின் அளவுக்கும் எல்லை உண்டு. பதினான்கு வரிசை, வரிசைக்கு முப்பது மணி என்றால் 420 மணி. ஏறத்தாழ 120 கிராம் தானியம். இன்னும் இடம் கொடுத்தால் கொஞ்சம் கூடுமே தவிர இரண்டு மடங்கு ஆகாது. ஆகவே மக்காச்சோளத்தில் காலி இடம் என்பது ஈடு செய்ய முடியாத இழப்பு. பழமொழி எச்சரிக்காத பக்கம் இது.

எச்சரிக்கும் பக்கத்துக்கு வருவோம். ஜப்பானில் கிரா முதலான தாவரவியலாளர்கள் 1950களில் பயிர்களைப் பல அடர்த்திகளில் வளர்த்து ஒரு விதியைக் கண்டார்கள். செடி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு நிலத்தின் மொத்தப் பசும்பொருள் எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதே எடையை அதிகச் செடிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 1960ல் ஹாலிடே என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் தானியப் பயிர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது வேறொரு வடிவம் தெரிந்தது. தழைக்கு அந்த விதி சரி. தானியமோ உச்சத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது. தட்டுப் போர் உயர்ந்துகொண்டே போய் நின்றுவிடும். களஞ்சியம் நிறைந்து, பிறகு குறையும். பழமொழி ஒரே வரியில் சொன்னதை இந்த இரண்டு வளைகோடுகளும் சொல்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளை அருகருகே வைத்துப் பார்த்தாலும் இதே தர்க்கம் புலப்படும். மாட்டுக்குப் பச்சையாக அறுத்துப் போடும் ஆப்பிரிக்க நெட்டை ரகத்துக்கு 30 செ.மீ.க்கு 15 செ.மீ. தானியத்துக்கான வீரிய ஒட்டுக்கு இறவையில் 60க்கு 25. இரண்டுக்கும் நடுவே கோ.பி.சி. 1 போன்ற குழந்தைச் சோளத்துக்கு 45க்கு 25. குழந்தைச் சோளத்தில் பட்டு வெளிவந்த ஓரிரு நாளிலேயே கருதை ஒடித்துவிடுகிறோம். மணி பிடித்து நிரம்பும் வரை செடி அதைத் தாங்க வேண்டியதில்லை. கருதைத் தாங்கும் பாரம் கூடக்கூட இடமும் கூடுகிறது.

நெருக்கம் கூடினால் தானியம் மட்டும் ஏன் குறைய வேண்டும்? மக்காச்சோளத்தின் உடலமைப்பில்தான் விடை இருக்கிறது. நெல்லின் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. மக்காச்சோளத்தில் ஆண்பூ உச்சிக் கொண்டையில். பெண்பூ இடுப்பில் உள்ள கருதில். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு இழை. அந்த இழை தோகையைத் தாண்டி வெளியே வந்து, காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடித்தால்தான் அந்த மணி உண்டாகும். செடிக்குத் தட்டுப்பாடு வரும்போது அது கொண்டையைக் கைவிடுவதில்லை, கருதைத்தான் காக்க வைக்கிறது. கொண்டை உரிய நாளில் விரிந்து மகரந்தம் கொட்டுகிறது. பட்டு மூன்று நாள், ஐந்து நாள் பிந்துகிறது. ஒரு காட்டில் மகரந்தம் கொட்டுவது ஏறத்தாழ ஒரு வாரம்தான். கருதின் அடிப்பகுதிப் பட்டுகள் முதலில் வரும், நுனிப் பட்டுகள் கடைசியில். ஆகவே பிந்துவதன் தண்டனை முதலில் நுனியில் விழுகிறது. நுனி நிரம்பாத கருதுகள் உண்டாகின்றன. இன்னும் பிந்தினால் கருதே இல்லாத மலட்டுச் செடி. மலட்டுச் செடி தண்ணீர் குடிக்கும், தழைச்சத்தை எடுக்கும், நிழல் போடும், தானியம் தராது. பக்கத்துச் செடிக்கு அது களை. நெருக்கத்தால் விளைச்சல் இறங்குவதன் உட்பொருள் இதுதான்.

இந்தத் தட்டுப்பாடு உண்மையாக வருமுன்பே செடி அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்பது இன்னொரு வியப்பு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் இன்னொரு செடி இருந்தால் அதிலிருந்து தெறித்து வரும் தொலைச்சிவப்பைத் தண்டில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி உணர்கிறது. நிழல் விழுமுன்பே, இலைகள் ஒன்றையொன்று தொடுமுன்பே, போட்டி வரப்போகிறது என்று செடி முடிவு செய்து உயரத்தில் முதலீடு செய்யத் தொடங்குகிறது. தண்டு நீள்கிறது, மெலிகிறது. வேருக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. களையை இருபதாம் நாளுக்குள் எடு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். களையின் பச்சையும் இதே சைகையைத்தான் தருகிறது. கொங்கு நாட்டில் மெலிந்த தண்டுக்குத் தனி ஆபத்து இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் பாயும் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சித்திரை, வைகாசியில் கிணற்றுப் பாசனத்தில் நெருக்கி விதைத்து, ஆனி, ஆடிக் காற்றில் கொண்டை விரிக்கும் பயிர், சாய்ந்தால் சால் சாலாகச் சாயும். சாய்ந்த பயிரில் கதிர் அறுக்கும் இயந்திரமும் சரியாக ஓடாது. தரையில் கிடக்கும் கருது பூஞ்சை பிடிக்கும், கோழித் தீவன ஆலை அதை வாங்காது. அந்தப் பட்டத்துக்கு நடுத்தரமான நெருக்கமே தகும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. அமெரிக்காவில் 1930களில் ஹெக்டேருக்குச் சுமார் 30,000 செடிதான் வைத்தார்கள். விளைச்சல் ஒன்றரை டன் அளவில் இருந்தது. இன்று 80,000 செடி வைத்து 11 டன் எடுக்கிறார்கள். நெருக்கம்தானே அவர்களை உயர்த்தியது, நாம் ஏன் தயங்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல அயோவாவில் டொனால்டு டூவிக் என்ற மக்காச்சோள இனவிருத்தியாளர் பல்லாண்டுகள் நடத்திய சோதனைகளைப் பார்க்க வேண்டும். 1930களிலிருந்து பத்தாண்டுக்குப் பத்தாண்டு வெளிவந்த ஒட்டு ரகங்களை ஒரே நிலத்தில், பல அடர்த்திகளில் அருகருகே வளர்த்து அவர் ஒப்பிட்டார். ஹெக்டேருக்கு 10,000 செடி என்ற மிகக் கலக்கமான நடவில் பழைய ரகத்துக்கும் புதிய ரகத்துக்கும் செடிக்குக் கிடைத்த தானியத்தில் வேறுபாடு சிறிதே. நெருக்கிய நடவில்தான் புதியது வெகுதூரம் முந்தியது. நெருக்கத்திலும் பட்டு பிந்தாமல், மலடாகாமல், சாயாமல் நிற்கும் குணமே எழுபது ஆண்டு இனவிருத்தியின் பெரும் சாதனை. கொண்டை சிறுத்தது, மேல் இலைகள் நிமிர்ந்து ஒளியைக் கீழே விட்டன, பட்டும் மகரந்தமும் ஏறத்தாழ ஒரே நாளில் வரத் தொடங்கின. நெருக்கம் விளைச்சலைத் தந்தது என்பதைவிட, நெருக்கத்தைத் தாங்கும் செடி கிடைத்ததால் நெருக்க முடிந்தது என்பதே சரி.

அதோடு அயோவாவின் வேறு வசதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனி உருகி நிறைந்த ஆழமான கருமண், பூக்கும் காலத்தில் பதினைந்து மணி நேரப் பகல், நீண்டு முதிரும் பயிர். கோவையில் கார்த்திகை மாதப் பகல் பன்னிரண்டு மணிக்கும் குறைவு. வெப்பத்தில் பயிர் நூறு, நூற்றுப்பத்து நாளில் முடிந்துவிடுகிறது. ஒரு செடிக்கு இலையில் விழும் மொத்த ஒளியே குறைவு. ஆகவே 80,000 என்ற எண்ணை அங்கிருந்து இறக்குமதி செய்யக் கூடாது. டூவிக் காட்டிய முறையை இறக்குமதி செய்யலாம். புதிய ரகம் வரும்போதெல்லாம் பழைய இடைவெளியையே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானியத் துறையும், திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் உள்ள மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமும், தனியார் விதை நிறுவனங்களும் வெளியிடும் ஒவ்வொரு ஒட்டுக்கும் அதன் இடைவெளியைத் தனியாகச் சோதித்து, இறவைக்கு ஒன்று, மானாவாரிக்கு ஒன்று எனப் பையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இனித் தண்ணீர்க் கணக்கு. 60க்கு 25 என்றால் ஒரு செடிக்கு 1,500 சதுர செ.மீ.; ஹெக்டேருக்கு 66,666, ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடி. பூக்கும் காலத்தில் முழுத் தழை மூடிய மக்காச்சோளம் வெயில் நாளில் ஆறு மி.மீ. அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். ஏக்கருக்கு ஒரு மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். ஆறு என்றால் 24,000 லிட்டர், செடிக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல். இரண்டு வாரத்துக்கு 80 மி.மீ.யைத் தாண்டிவிடும். செடியைக் கூட்டினால் இந்த மொத்தம் பெரிதாகக் கூடாது, ஏனெனில் நிலத்தை மூடிய தழை எத்தனை தண்டில் நின்றாலும் தழைதான். ஆனால் நெருக்கிய பயிர் நிலத்தைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. முப்பதாம் நாளிலிருந்தே முழு வேகத்தில் குடிக்கத் தொடங்குகிறது. பாசனம் உள்ள தோட்டத்தில் இது நல்லதே. ஒளி வீணாகாது, களை அடங்கும், குடித்ததை மறுபடி ஊற்றலாம். மழையை நம்பிய காட்டில், பூக்கும் நேரத்துக்கு என்று மண் வைத்திருந்த ஈரத்தை அது முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. சேமிப்பில் கை வைத்துவிட்டுக் கடைசியில் கருதை மலடாக்குகிறது.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம். கோவையின் ஆண்டு மழை 700 மி.மீ.யை ஒட்டித்தான், அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்து மார்கழி நடுவில் ஓய்ந்துவிடும். மக்காச்சோளம் ஐம்பத்தைந்து நாள் வாக்கில் பூக்கிறது. புரட்டாசி முதல் பாதியில் விதைத்தது கார்த்திகையில், மழைக்குள்ளேயே பட்டு விடும். ஐப்பசிக் கடைசியில் விதைத்தது மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் பட்டு விடும். அப்போது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமே அதற்கு எல்லாம். ஆழமான கரிசல் நன்றாக நனைந்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் செடி எடுக்கக்கூடிய ஈரம் 150 மி.மீ. அளவுக்கு நிற்கும், பூக்கும் இரண்டு வாரத்தைத் தாண்டிவிடலாம். சரளை கலந்த ஆழமற்ற செம்மண்ணில் அதில் பாதியும் நிற்காது. ஆகவே ஒரே ஊரில், ஒரே ரகத்துக்கு, புரட்டாசியில் கரிசலில் விதைத்தவர் 25,000 செடிக்கு மேல் துணியலாம். ஐப்பசிக் கடைசியில் செம்மண்ணில் விதைப்பவர் 60க்கு 35 என்று தள்ளி ஏக்கருக்கு 19,000 அளவில் நிறுத்துவதே அறிவு என்பது என் கணிப்பு. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மண்டலத் தண்ணீர் வரும் போகத்தில் நெருக்கலாம், வராத போகத்தில் கிணறு எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்துத் தளர்த்த வேண்டும். ஒரே காட்டுக்கு ஆண்டுதோறும் ஒரே இடைவெளி என்ற பழக்கம் இந்தப் பாசன முறைக்கே பொருந்தாது.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி எழுப்பலாம். பல்கலைக்கழகம் மானாவாரிக்குப் பரிந்துரைப்பது 45க்கு 20 ஆயிற்றே. அதன்படி ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 செடி. இறவையைவிட மானாவாரிக்கு நெருக்கம் கூடுதல். நான் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறதே? அந்த எண்ணை விதைப்புக் கணக்காகக் கொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். மானாவாரிக் காட்டில் ஊன்றிய விதையெல்லாம் செடியாகி நிலைப்பதில்லை. ஈரம் சீரற்றுக் கிடக்கும், முளை கருகும், எறும்பும் பறவையும் எடுக்கும். நெருங்கிய வரிசை நிலத்தைச் சீக்கிரம் மூடி, வெறும் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரைக் குறைக்கும் என்ற நியாயமும் அதில் உண்டு. மழை அடிக்கடி பெய்யும் ஆண்டில் அது பலிக்கும். ஆனால் ஊன்றியது அத்தனையும் முளைத்துவிட்ட நல்ல தொடக்கத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இருபதாம் நாளில் காடு பச்சைப் பசேலென்று நிற்கும்போது செடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் பருவமழையின் போக்கைப் பார்த்து ஒன்றுவிட்டு ஒன்று கலைத்துவிடும் துணிவுதான் களஞ்சியத்தை நிரப்பும். பயிர் கலைத்தல் என்ற வேலை கம்பிலும் சோளத்திலும் நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான்; விலை கொடுத்து வாங்கிய ஒட்டு விதை என்பதால் மக்காச்சோளத்தில் கை கூசுகிறது.

இரண்டு பக்கத் தவறுகளும் ஒரே விலை கேட்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்குக்காக ஒரு பாசனத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 20,000 செடி, கருதுக்கு 140 கிராம் என்றால் 28 குவிண்டால். 27,000 செடி, 118 கிராம் என்றால் 32 குவிண்டாலை ஒட்டி வரும். 33,000 செடியாக்கினால் கருது 97 கிராமாகச் சிறுத்து, மொத்தம் அதே 32தான். உச்சி தட்டையானது, இரண்டாயிரம் செடி கூடினாலும் குறைந்தாலும் அங்கே பெரிய மாற்றமில்லை, கலக்கிவிட்டால்தான் நட்டம். தண்ணீர் தட்டுப்படும் காட்டிலோ நிலைமை தலைகீழ். கலக்கிய பயிர் கொஞ்சம் குறைவாகத் தரும், ஆனால் தரும். நெருக்கிய பயிரில் ஐந்தில் ஒரு செடி மலடாகி, மற்றவற்றில் பாதிக் கருது நுனி நிரம்பாமல் போனால் சரிவு செங்குத்தானது. ஆகவே தோட்டத்தில் தவறினால் நெருக்கத்தின் பக்கம் தவறலாம். காட்டில் தவறினால் கலக்கத்தின் பக்கம் தவறுவதே மேல்.

தழைச்சத்துக்கும் இதே கணக்குதான், சுருக்கமாகவே சொல்லலாம். வீரிய ஒட்டுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து. 66,666 செடிக்கு அதைப் பகிர்ந்தால் செடிக்கு 3.75 கிராம். இடைவெளியை 60க்கு 20 என்று குறுக்கி 83,333 செடியாக்கினால் பங்கு 3 கிராமாக இறங்கும். உரத்தைக் கூட்டாமல் செடியை மட்டும் கூட்டியவர் காட்டில் அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளித்து வருவதைக் காணலாம். சொட்டுநீரில் உரத்தைக் கரைத்துப் பல தவணையாக விடுபவர்கள் நெருக்கத்தைத் தாங்குவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். பூக்கும் வாரத்தில் அவர்களால் இரண்டையும் கொடுக்க முடிகிறது.

நெருக்கி விதைப்பவர்களின் நிஜமான காரணம் பயம், அந்தப் பயம் நியாயமானது. மயில்கள் விதையைக் கிளறித் தின்கின்றன. மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றி புகுகிறது. 2018ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அதே ஆண்டு தமிழகத்துக்குள் வந்த படைப்புழு, குருத்துக்குள் உட்கார்ந்து அரித்து இளம் பயிரைச் சிதைத்தது. அந்த ஆண்டு அடிபட்ட யாரும் கூடுதலாக நாலு விதை போடத்தான் நினைப்பார்கள். ஆனால் இந்த இழப்புகள் காடு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. மயில் ஒரு மூலையைக் கிளறிவிட்டு இன்னொரு மூலையைத் தொடாமல் போகும். நெருக்கி விதைத்தால் தொடாத இடம் மேலும் நெருங்கும். கிளறிய இடம் அப்போதும் வழுக்கையாகத்தான் கிடக்கும். படைப்புழுவுக்கு நெருக்கம் உதவியே செய்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிப் புழு நூலில் தொங்கிக் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போகிறது. இலைகள் பின்னிக் கிடந்தால் பயணம் எளிது, மருந்து குருத்துக்குள் இறங்குவது கடினம். பத்து வரிசைக்கு ஒரு முறை 75 செ.மீ. இடைவெளி விடச் சொல்வதும் ஆள் உள்ளே நடந்து பார்க்கவும் தெளிக்கவும்தான். விதை நேர்த்தி செய்த விதை, ஒரே ஆழத்தில் ஊன்றல், ஊரே ஒரே வாரத்தில் விதைத்தல் ஆகியவை கூடுதல் விதையைவிட நல்ல காப்பீடு.

காடு ஒரே சீராக முளைப்பது எண்ணிக்கையைவிடவும் முக்கியமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. பத்து நாள் பிந்தி முளைத்த மக்காச்சோளச் செடி, மூத்த செடிகளின் நடுவே ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. ஒளியில் தோற்று, பட்டு பிந்தி, மகரந்தம் தீர்ந்த பிறகு பூத்து மலடாக நிற்கிறது. அதனால் வழுக்கை விழுந்த இடத்தில் அதே மக்காச்சோளத்தைப் பின்னால் ஊன்றுவதால் எண்ணிக்கை நிறையுமே தவிர மூட்டை நிறையாது. அங்கே தட்டைப்பயறு போட்டால் மண்ணுக்கும் வீட்டுக்கும் பயன். ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு இரண்டையும் விட்டுவைப்பதும் இதே ரகத் தவறு. சராசரி சரியாக இருக்கும், ஒவ்வொரு குழியிலும் போட்டி இரட்டிப்பாக இருக்கும்.

கருது பெரிதாக இருந்தால்தான் பயிர் நன்றாக விளைந்தது என்று நம்பும் கண்ணையும் கொஞ்சம் பழக்க வேண்டும். முழங்கை நீளக் கருதைக் கையில் வைத்துப் பார்ப்பதில் ஒரு பெருமை இருக்கிறது, மறுக்கவில்லை. வறுத்தோ அவித்தோ எண்ணிக்கைக்கு விற்கும் பச்சைக் கருதுக்கு அந்தப் பெருமை காசாகும்; அவர்கள் தாராளமாக இடைவெளி விடலாம். எடைக்கு வாங்கும் தீவன ஆலைக்குக் கருதின் அழகு தேவையில்லை. பாசனத் தோட்டத்தில் எல்லாக் கருதும் நுனி வரை நிரம்பி, பல செடிகளில் இரண்டாவது கருதும் எட்டிப் பார்த்தால் அது இடம் வீணாகிப்போனதன் அறிகுறி. நுனியில் ஒரு விரல் அளவு நிரம்பாமல், நடுத்தரமான கருதுகள் சீராக வரிசையில் நின்றால் நிலம் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம். நுனி மூன்று விரல் அளவு காலி, இருபது செடிக்கு ஒன்றுக்கு மேல் மலடு என்றால் நெருக்கம் எல்லை மீறிவிட்டது.

வரிசை அகலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிறு டிராக்டர் களையெடுக்க 75 செ.மீ. வேண்டுமென்றால் 75க்கு 20 வைக்கலாம்; அதுவும் அதே 1,500 சதுர செ.மீ.தான். எண்ணிக்கையைக் கண்ணால் அளக்காமல் நாடாவால் அளப்பதுதான் முக்கியம். வரிசை 60 செ.மீ. என்றால் ஒரு வரிசையில் 6.75 மீட்டர் நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் எத்தனை செடி நிற்கிறதோ அதோடு ஆயிரத்தைப் பெருக்கினால் ஏக்கருக்கான எண்ணிக்கை. 75 செ.மீ. வரிசைக்கு 5.4 மீட்டர், 45க்கு 9 மீட்டர். காட்டில் ஐந்தாறு இடத்தில் எண்ணிச் சராசரி பார்க்க அரை மணி நேரம் போதும். விதைத்தது 27,000 என்று நினைத்திருக்கும் காட்டில் உண்மையில் நிற்பது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த பட்டத்தில் அதே ரகத்தை, ஒரே நாளில், ஒரே உரத்தில், நீள நீளமான மூன்று பட்டைகளாக, செடிக்குச் செடி 20, 25, 30 செ.மீ. வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, காயவைத்து எடை போட வேண்டும். பூத்த வாரத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது, எத்தனை தண்ணீர் விட்டது என்பதையும் அந்த எடைக்குப் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். நல்ல மழை ஆண்டு ஒன்றும் வறண்ட ஆண்டு ஒன்றும் அந்தக் குறிப்பேட்டில் ஏறிவிட்டால், எந்த நிலையத்தின் பரிந்துரையையும்விட அந்தக் காட்டுக்கு நெருக்கமான எண் அதில் கிடைக்கும்.